பாட்டிக்கு சர்வீஸ் புக் கிடையாது

மிலிட்டரிக்காரர் வீட்டில் ஒரு பாட்டி இறந்தால் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக் கவனித்திருப்பீர்கள். "ஓய்வு பெற்ற சுபேதார் இன்னார் அவர்களின் துணைவியார்" என்று மேலே கொட்டை எழுத்து. அதற்குக் கீழேதான் அவர் பெயர். முதலாம் ஆண்டு நினைவு மலர் போடுகிற வீடுகளிலும் இதே கதைதான். தாத்தா எந்த ரெஜிமெண்ட், எந்தச் சண்டைக்குப் போனார் என்று நான்கு பக்கம் ஓடும். பாட்டிக்கு "அன்பே உருவானவர், அனைவரையும் அரவணைத்தவர்" என்று நான்கு வரியோடு சரி.

பாசம் இல்லாமல் இப்படி நடப்பதில்லை. கையில் தாள் இல்லாததால் நடக்கிறது. படையில் சேர்ந்த நாள் முதல் விடுவிக்கப்பட்ட நாள் வரை தாத்தாவின் ஒவ்வொரு அசைவுக்கும் ராணுவம் ஒரு பதிவு வைத்திருக்கிறது. அவருக்காகவே ஊர் ஊராக மூட்டை கட்டியவருக்கு, அவர் எல்லையில் இருந்தபோது நிலத்தையும் மாமனார் மாமியாரையும் பார்த்துக்கொண்டவருக்கு, ஒரு புத்தகமும் இல்லை. ஆனால் அந்த அம்மாவின் வாழ்க்கை மற்றவர்கள் பெயரில் உள்ள தாள்களில் சிதறிக் கிடக்கிறது. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஆண்டுவாரியாக எழுதிவிடலாம். வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் உண்டு. ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டையும் இங்கேதான் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பேரப்பிள்ளைகள் எல்லாரும் செய்யக்கூடிய, செய்யவேண்டிய வேலை இது.

ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: ஆண்டு, தாத்தா எங்கே, பாட்டி எங்கே, பிள்ளைகள் எங்கே, எதை வைத்துச் சொல்கிறோம். இரண்டாவது கட்டத்தையும் மூன்றாவது கட்டத்தையும் தப்பித்தவறியும் ஒன்றாக்கிவிடாதீர்கள். தாத்தா இருந்த ஊரில்தான் பாட்டியும் இருந்திருப்பார் என்று எடுத்துக்கொள்வதுதான் இதில் எல்லாரும் செய்கிற பெரிய பிழை. ஃபீல்டு ஏரியா எனப்படும் களப் பணியிடத்துக்குக் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. பீஸ் ஸ்டேஷன் என்கிற சாதாரண முகாம் ஊரிலும் குவார்ட்டர்ஸ் எல்லா ஜவானுக்கும் கிடைக்காது. வரிசைப்படி காத்திருந்து வீடு கிடைக்கும்போது அடுத்த மாறுதல் நெருங்கியிருக்கும். கல்யாணத்துக்குப் பிறகான சர்வீஸில் பாதி ஆண்டுகள்கூடச் சேர்ந்து வாழாத தம்பதிகள் எத்தனையோ பேர். ஆண்டுக்கு 60 நாள் ஆனுவல் லீவு, அதற்கு மேல் கேஷுவல் லீவு. அவ்வளவுதான் இல்லறம்.

தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் தொடங்குங்கள். சேர்ந்த தேதி, விடுவித்த தேதி, பதக்கங்கள், கடைசி ரேங்க் எல்லாம் அதில் இருக்கும். எந்த ஆண்டு எந்த ஊர் என்பது முழுமையாக இருக்காது. பழைய தாளில் "ஜமேதார்" என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். 1965-இல் அந்தப் பெயரைத்தான் நாயிப் சுபேதார் என்று மாற்றினார்கள். கல்யாணத்தையும் ஒவ்வொரு குழந்தையின் பிறப்பையும் யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் என்ற பதிவு உத்தரவாகப் போடுவார்கள். பாட்டியின் பெயர் முதன்முதலில் அரசாங்கக் காகிதம் ஏறுவது பெரும்பாலும் அங்கேதான். வீட்டில் அதன் நகல் இல்லையென்றால் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு (பொறியாளர் படை) பெங்களூர், ஆர்ட்டிலரிக்கு (பீரங்கிப் படை) நாசிக், ஈ.எம்.ஈ.க்கு (மின், இயந்திரப் பொறியியல் பிரிவு) செகந்திராபாத், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர். நம்பர், ரேங்க், பெயர், ஓய்வு பெற்ற தேதி, பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) நகல், நீங்கள் வாரிசு என்பதற்கான சான்று எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். நம்பரின் கடைசியில் உள்ள ஆங்கில எழுத்தை விட்டுவிடாதீர்கள். அதுவும் நம்பரில் சேர்த்திதான். பழைய ஆவணங்களைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்கள் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

இனி பாட்டியின் கட்டம். இதற்கு நான் மிகவும் நம்புவது பிள்ளைகளின் பள்ளி டி.சி.யைத்தான். பெரிய பிள்ளை அம்பாலாவில் ஒன்றாம் வகுப்பு, ஜபல்பூரில் மூன்றாம் வகுப்பு, பிறகு வேலூரில் நான்காம் வகுப்பு என்று டி.சி. காட்டினால், பாட்டி அந்த ஆண்டுகளில் எங்கே அடுப்பு மூட்டினார் என்பது தெரிந்துவிட்டது. சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் இருப்பதால் மாத அளவில்கூடச் சொல்லலாம். 1963-இல் ரெஜிமெண்ட் பள்ளிகளை எடுத்துத் தொடங்கியவைதான் இன்றைய கேந்திரிய வித்யாலயாக்கள். அதற்கு முந்தைய டி.சி.யில் ரெஜிமெண்ட் பள்ளியின் பெயரே இருக்கும். பிள்ளை நடு வகுப்பில் ஊர்ப் பள்ளிக்குத் திரும்பியிருந்தால் தாத்தாவுக்கு ஃபீல்டு போஸ்டிங் வந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். டி.சி.யைப் பள்ளியில் கொடுத்துவிட்டார்கள் என்றால் அந்தப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் முந்தைய பள்ளியின் பெயர் இருக்கும். தலைமையாசிரியரிடம் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.

பிறப்புச் சான்றும் இப்படித்தான். மிலிட்டரி ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தை என்றால் நகராட்சியில் தேடி அலையாதீர்கள். கண்டோன்மெண்ட் எல்லைக்குள் பிறப்பு இறப்பைப் பதிவது கண்டோன்மெண்ட் போர்டு. தமிழ்நாட்டில் இப்படி இரண்டு உண்டு: வெலிங்டன், பரங்கிமலை–பல்லாவரம். வடக்கே பிறந்தவர்களுக்கு அந்தந்த ஊர் போர்டு. தலைப்பிரசவம் தாய்வீட்டில், இரண்டாவது மிலிட்டரி ஆஸ்பத்திரியில் என்று இருந்தால் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் பாட்டி முதன்முறை ரயிலேறியிருப்பார்.

அந்த ரயில் பயணத்தைக் கட்டாயம் எழுதுங்கள். ராணுவம் கொடுத்த ரயில் வாரண்டை (பயணத்துக்கான தாளை) எடுத்துக்கொண்டு சென்ட்ரலில் படையினர் பயணத்தைக் கவனிக்கும் எம்.சி.ஓ. அலுவலகத்துக்குப் போய், டிக்கெட்டும் மிலிட்டரி கோட்டா இடமும் வாங்கி, கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸில் டெல்லிக்குப் போய் அங்கிருந்து வேறு வண்டி மாறுவது என்பது, ஊர்ச் சந்தையைத் தாண்டாத பெண்ணுக்கு எவ்வளவு பெரிய காரியம்! சில வீடுகளில் தாத்தா வந்து அழைத்துப் போகவும் லீவு கிடைக்காது. கைக்குழந்தையோடு, அதே பக்கம் போகிற இன்னொரு ஜவானின் குடும்பத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். இங்கே தேதியைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு 1972 வரை ஜம்முவுக்கு நம் பக்கத்திலிருந்து ரயில் கிடையாது. பதான்கோட்டில் இறங்கி ரோடு வழியாகப் போகவேண்டும். "68-ல ஜம்மு ஸ்டேஷன்ல எறங்குனோம்" என்று யாராவது சொன்னால் ஆண்டு தவறு அல்லது ஊர் தவறு. அவரை மறுத்துப் பேசாதீர்கள். இறங்கிய பிறகு பஸ்ஸா லாரியா என்று மட்டும் கேளுங்கள், தானே தெளிவாகும். அம்பாலா 1966 நவம்பர் வரை பஞ்சாபில் இருந்தது. நேஃபா 1972-இல் அருணாசலப் பிரதேசமாயிற்று. பழைய தாளில் உள்ள பெயரை அப்படியே எழுதி, இன்றைய பெயரைப் பக்கத்தில் கொடுங்கள்.

ஃபீல்டு ஆண்டுகளுக்கு டி.சி. உதவாது. அங்கே கடிதங்கள் வேண்டும். தாத்தா அனுப்பிய இன்லேண்டுகள் ட்ரங்குப் பெட்டியிலோ பரணிலோ கட்டாக இருக்கும். முகவரியில் "56 ஏ.பி.ஓ." என்றோ "99 ஏ.பி.ஓ." என்றோதான் இருக்கும் (ஏ.பி.ஓ. என்பது ராணுவத் தபால் நிலையம்). 56 என்றால் பொதுவாக வடக்கு, மேற்குப் பக்கம். 99 என்றால் வடகிழக்கு. இடம் தெரியக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் எஃப்.பி.ஓ. (களத் தபால் நிலையம்) என்ற எழுத்தும் ஒரு நம்பரும் தேதியும் இருக்கும். அந்த நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் தபால் நிலையமே படையோடு நகரும் என்பதால் நம்பரை வைத்து ஊரை முடிவு செய்துவிடாதீர்கள். தேதிக்கு முத்திரையை நம்பலாம். முத்திரை அழிந்து, உள்ளே "மார்கழி 12, செவ்வாய்" என்று மட்டும் இருந்தால் நூறாண்டுப் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். அதே கிழமையும் தேதியும் 5, 6 அல்லது 11 ஆண்டு இடைவெளியில் திரும்ப வரும். கடிதத்தில் எந்தக் குழந்தையின் பெயர் இருக்கிறது, எந்தக் குழந்தையின் பெயர் இன்னும் இல்லை என்று பார்த்தால் ஆண்டு ஒன்றாகக் குறைந்துவிடும்.

பெட்டியில் இருப்பவை தாத்தாவின் கடிதங்கள்தான். பாட்டி எழுதியவை, அல்லது எழுதப் படிக்கத் தெரியாமல் பள்ளி வாத்தியாரிடமோ தபால்காரரிடமோ சொல்லி எழுதியவை, அநேகமாக எங்கோ பனியில் போய்விட்டன. ஆனால் ஒவ்வொரு பதிலுக்குள்ளும் அவருடைய கடிதம் ஒளிந்திருக்கிறது. "நீ எழுதியபடி கிணறு ஆழப்படுத்த பணம் அனுப்பியிருக்கிறேன்" என்று தாத்தா எழுதியிருந்தால், அந்தக் கோடையில் கிணறு வற்றியது, கூலி பேசியது, எவ்வளவு ஆழம் என்று முடிவெடுத்தது எல்லாம் பாட்டி. "சின்னவனுக்கு அம்மை இறங்கியது தெரிந்து நிம்மதி" என்றால், இறங்கிய பிறகுதான் பாட்டி சொல்லியிருக்கிறார். போட்டிருந்த நாட்களில் எழுதவில்லை. தூரத்தில் இருப்பவருக்கு எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று அவர் எடுத்த முடிவு அந்த ஒரு வரியில் தெரிகிறது. ஆகவே கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி, "நீ எழுதியிருந்தாய்", "நீ கேட்டபடி", "நீ சொன்னது சரி" என்று வரும் வரிகளை மட்டும் தனியே எழுதி வாருங்கள். இருபது கடிதம் தேறினால்கூடப் போதும், பாட்டி பேசத் தொடங்கிவிடுவார். நினைவு மலரில் அந்த வரிகளுக்குத் தனிப் பக்கம் கொடுங்கள்.

மணியார்டர் துண்டுகளையும் எறிந்துவிடாதீர்கள். கீழே கிழித்துக் கொடுக்கும் கூப்பனில் தொகையும் இரண்டு வரிச் செய்தியும் இருக்கும். சம்பளத்திலிருந்து மாதாமாதம் வீட்டுக்குப் பிடித்து அனுப்புகிற ஃபேமிலி அலாட்மெண்ட் தொகையை வரிசையாகப் பார்த்தால், அந்தப் பணத்துக்குள் குடும்பத்தை எப்படி நடத்தினார் என்ற கணக்கு வந்துவிடும். 1971 டிசம்பர் 3 முதல் 16 வரையான சண்டையின்போது கடிதமும் பணமும் எத்தனை வாரம் தள்ளி வந்தன என்பதை முத்திரைத் தேதியைக் கொண்டே சொல்லலாம். 1987 முதல் 1990 மார்ச் வரை அமைதிப்படையில் இலங்கை போனவர்கள் வீட்டிலும் இப்படிப் பாருங்கள். கடல் தாண்டினால் எட்டுகிற தூரம், பேசுகிற மொழியும் ஒன்று. ஆனால் அந்த வீட்டுப் பெண்கள் பட்ட அவஸ்தையை யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்தத் தாள்களை லேமினேட் செய்யாதீர்கள், கிழிசலில் செலோ டேப் ஒட்டாதீர்கள். டேப் சில ஆண்டில் பழுப்பேறி எழுத்தைத் தின்றுவிடும். ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் போட்டோ எடுங்கள். முகவரிப் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். ஃபைலுக்கு ஆண்டு-மாதம்-நாள் என்று பெயர் வைத்தால் தானாகவே வரிசைப்படும்.

ட்ரங்குப் பெட்டியைத் திறப்பதற்கு முன் மூடியை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். கறுப்புப் பெயிண்டின் மேல் வெள்ளையில் நம்பர், ரேங்க், பெயர், யூனிட். ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் மாறுதலுக்கும் பழையதை அழித்து மேலே எழுதியிருப்பார்கள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை மூடியோடு ஒட்டிப் படுக்கைவாட்டில் அடித்தால், ஹவில்தாருக்கு அடியில் நாயக், அதற்கும் அடியில் ஒரு ஊர்ப் பெயர் என்று மேடு பள்ளமாகத் தெரியும். அந்த வெளிச்சத்திலேயே போட்டோ எடுங்கள். மண்ணெண்ணெயோ தின்னரோ போட்டுத் துடைத்தால் மேல் எழுத்தும் போய் அடி எழுத்தும் போய்விடும். மூடியின் உட்புறத்தில் ஒட்டிய செய்தித்தாள், சாமி படக் காலண்டர் எல்லாவற்றிலும் தேதி இருக்கும்.

பதக்கங்களின் விளிம்பில் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். பிராஸோ போட்டுத் தேய்ப்பதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள். தேயத் தேய அது மங்கும். பதக்கம் தாத்தாவுடையதுதான், ஆனால் அது பாட்டியின் கட்டத்தையும் நிரப்பும். சைன்ய சேவா பதக்கத்தின் ரிப்பனில் "ஹிமாலயா" என்றோ "நேஃபா" என்றோ பட்டை இருந்தால், அந்த ஆண்டுகளில் பாட்டி பெரும்பாலும் ஊரில் தனியே இருந்திருக்கிறார். 1971-க்கு பூர்வி ஸ்டார் என்றால் கிழக்கு முனை, பஷ்சிமி ஸ்டார் என்றால் மேற்கு.

ஸ்டூடியோ போட்டோக்களின் பின்பக்கத்தில் கடையின் சீல் இருக்கும், ஊர் கிடைத்துவிடும். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யுங்கள். 600 டி.பி.ஐ. வைத்தால் சின்னப் படத்தையும் பெரிதாக அச்சிடலாம்.

இனி ஆட்களிடம் கேட்பது. பாட்டியோடு ஒரே குவார்ட்டர்ஸ் லைனில் குடியிருந்த பெண்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். ரெஜிமெண்ட் ஆட்கள் கூடும் இடத்திலும் கேண்டீனிலும் விசாரித்தால் தெரியும். அவர்களிடம் "எந்த வருஷம்?" என்று தொடங்காதீர்கள், தெரியாது என்ற பதிலோடு பேச்சு நின்றுவிடும். "பெரிம்மா, அந்த லைன்ல தண்ணி எங்க புடிப்பீங்க? பால் மிலிட்டரி ஃபார்ம்லேர்ந்தா வரும்? பக்கத்து வூட்ல எந்த ஊர்க்காரங்க?" என்று கேளுங்கள். தண்ணீர்க் குழாய் ஞாபகம் வந்தால் சண்டை ஞாபகம் வரும், சண்டை வந்தால் பஞ்சாபிக்காரம்மா பெயர் வரும், அவர் கற்றுக்கொடுத்த ரொட்டி வரும். 45 நிமிஷத்துக்கு மேல் ஒரு தடவையில் கேட்காதீர்கள், களைத்துவிடுவார்கள். போனை மேஜையில் வைக்காமல் மடித்த துண்டின் மேல் வைத்தால் தட்டும் சத்தம் பதிவாகாது. மின்விசிறியை நிறுத்த முடியாவிட்டால் அதற்கு நேர்கீழே உட்காராதீர்கள்.

பாட்டி தைத்த, பின்னிய பொருள்களையும் ஆவணமாகவே பாருங்கள். குளிர் ஊர்களில் வெல்ஃபேர் சென்டரிலோ குவார்ட்டர்ஸ் வாசல் வெயிலிலோ கம்பளி பின்னக் கற்றுக்கொண்ட தமிழ்ப் பெண்கள் நிறைய. ஒற்றைத் தமிழ் எழுத்து தெரியாதவரும் "சீதா, உல்டா" என்று இந்தியில் கண்ணி எண்ணுவார். அந்த ஸ்வெட்டரை முன்பக்கம், உட்பக்கம், கழுத்துப் பட்டை மூன்றையும் எடுங்கள். பின்னத் தெரிந்தவர் படத்தைப் பார்த்தே அந்த டிசைனைத் திரும்பப் போட்டுவிடலாம்.

ஓய்வுக்குப் பிறகு என்று ஒரே பத்தியில் முடிப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். 15 ஆண்டு சர்வீஸ் முடித்தால் ஜவானுக்கு பென்ஷன் உண்டு என்பதால் நாற்பது வயதுக்கு முன்பே வீடு திரும்பியவர்கள் ஏராளம். அவர்களில் பலர் மறுபடியும் டி.எஸ்.சி.யில் (பாதுகாப்புத் துறையின் காவல் படை) சேர்ந்து டிப்போ, தொழிற்சாலை காவலுக்குப் போனார்கள். அதாவது பாட்டிக்கு இரண்டாவது முறையும் பிரிவு. குடும்பங்கள் இதை மறந்தேவிடுகின்றன. இரண்டாவது டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறதா என்று தேடுங்கள். டி.எஸ்.சி. ரெக்கார்ட்ஸ் கண்ணூரில் இருக்கிறது.

மகனும் பட்டாளம் என்றால் பேரப்பிள்ளைகளின் படிப்பு பாட்டி தலையில். பிள்ளைகளின் ரேங்க் கார்டில் கார்டியன் இடத்தில் யாருடைய கையெழுத்து அல்லது கைநாட்டு என்று பாருங்கள். அந்தக் கையெழுத்தைப் பெரிதாக ஸ்கேன் செய்து மலரில் போடலாம். தாத்தாவுக்குப் பிறகான ஆண்டுகளுக்கு நவம்பர் மாத லைஃப் சர்டிஃபிகேட் நகல்கள், 2003-க்குப் பின் வந்த ஈ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டு, மருந்துச் சீட்டுகள் இருக்கும்.

பெயரில்தான் அதிகம் சிக்கல். சர்வீஸ் பதிவில் "சரோஜா", ஆதாரில் "சரோஜம்மாள்", வாக்காளர் பட்டியலில் "சரோஜினி". தமிழ் தெரியாத கிளார்க் காதில் விழுந்ததை எழுதியது முதல் காரணம். கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் வீட்டில் வைத்த பெயர் இரண்டாவது. பிறந்த தேதியும் தாளுக்குத் தாள் மாறும். பாட்டி உயிரோடு இருக்கும் வீடுகள் இதை இப்போதே சரிசெய்துவிடுங்கள். 80 வயதானால் குடும்ப ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும், 85-இல் 30, 90-இல் 40. தேதி முரண்பட்டால் அது நின்றுபோகும். பி.பி.ஓ.வில் மனைவி பெயர் இல்லையென்றாலோ தவறாக இருந்தாலோ திருத்தி காரிஜெண்டம் பி.பி.ஓ. வாங்கவேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இதற்கு வழி சொல்வார்கள். மறைந்தவரைப் பற்றி எழுதும்போது வீட்டில் கூப்பிட்ட பெயரைத் தலைப்பிலும், தாள்களில் உள்ள மற்றப் பெயர்களை உள்ளேயும் கொடுங்கள். தலைப்பில் அவர் பெயர்தான் முதலில். ரேங்க்கும் கணவர் பெயரும் இரண்டாவது வரிக்குப் போகட்டும். அதில் தாத்தாவுக்கு எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

அச்சுக்குப் போகும்போது ஏ5 அளவில் 16 அல்லது 24 பக்கம் வையுங்கள். நான்கின் மடங்காக இல்லாவிட்டால் நடுவில் பின் அடிக்கும்போது வெற்றுப் பக்கம் விழும். பல அச்சகங்களில் இன்னும் யூனிகோடு அல்லாத எழுத்துருதான். மாற்றும்போது ஸ்ரீ, ஷ, க்ஷ போன்ற எழுத்துகளும் கொம்பும் இடம் மாறும், ஆகவே ப்ரூஃபை வரிவரியாகப் பாருங்கள். ராணுவ நம்பர், பி.பி.ஓ. நம்பர், வங்கிக் கணக்கு தெரிகிற தாள்களை அப்படியே அச்சிடாதீர்கள், மறைத்துவிடுங்கள். இப்போது சர்வீஸில் இருக்கும் பேரனுடைய யூனிட்டும் ஊரும் சீருடைப் படமும் வேண்டாம். முதலில் பத்து ஜெராக்ஸ் பிரதி போட்டு, பாட்டியின் தங்கை தம்பிகள், நாத்தனார், வடக்கே ஒன்றாகக் குடியிருந்தவர்கள் கையில் பேனாவோடு சேர்த்துக் கொடுங்கள். ஒரு மாதம் பொறுங்கள். ஆண்டு தவறு, ஊர் தவறு, விட்டுப்போன பெயர் எல்லாம் ஓரத்தில் எழுதித் திரும்பி வரும். அதன் பிறகு நல்ல தாளில் அச்சடிக்கலாம்.